ஊட்டியில் வாங்கிய, டர்க்காய்ஸ் என்ற நீலக்கல் பதித்த வெள்ளி மோதிரம் மழைக்காலத்தில் கறுத்துவிட்டது. போலியா?

கறுத்ததை வைத்து மட்டும் போலி என்று சொல்ல முடியாது. நல்ல வெள்ளியும் கறுக்கும். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு படலம் உண்டாகிறது. ஈரம் அதை வேகப்படுத்தும். நீலகிரி மழைக்காலத்தில் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்? மோதிரத்தின் உட்பக்கம் 925 என்று இருக்கிறதா பாருங்கள். 92.5 சதவீதம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு என்று அதற்கு அர்த்தம். ஆனால் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம், பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) ஹால்மார்க் இருந்தால்தான் நம்பிக்கை.

கல் விஷயத்தில்தான் உண்மையான கவனம் வேண்டும். டர்க்காய்ஸ் நுண்துளை உள்ள கல். எண்ணெய், சென்ட், சோப்பு எல்லாவற்றையும் உறிஞ்சி, நாளடைவில் நீலம் பச்சையாக மங்கும். வெள்ளை ஹவ்லைட் கல்லுக்குச் சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்று விற்பதும் உண்டு. கீறலிலோ ஓரத்திலோ வெள்ளை எட்டிப் பார்த்தால் சந்தேகப்படலாம்.

சரி, எப்படித் துடைப்பது? அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீரில் முக்குவது வெறும் கொலுசுக்குச் சரி. டர்க்காய்ஸ், முத்து, பவளம் பதித்த நகைக்கு வேண்டவே வேண்டாம், கல் கெட்டுவிடும். வெள்ளி துடைக்கும் துணியால் கல்லைத் தொடாமல் உலோகத்தை மட்டும் தேயுங்கள். பூவேலைப் பள்ளங்களில் தெரியும் கறுப்பை விட்டுவிடுங்கள். வேலைப்பாடு எடுப்பாகத் தெரிய ஆசாரிகளே வேண்டுமென்று கறுப்பேற்றுவது வழக்கம். அப்புறம், நன்றாக உலர்த்தி, ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடி வையுங்கள்.