பன்னாட்டு நிறுவனங்களும் அரசியலும்: பொருளாதார அறிஞர் ஸ்டீபன் ஹைமர் பற்றிக் கேள்வி பதில்

கல்லூரியில் சர்வதேசப் பொருளாதாரம் நடத்துகிறேன். ஹைமரைப் பற்றி எதுவும் கேட்கலாம். பங்குச்சந்தை யோசனை மட்டும் வேண்டாம்.

திருச்சி: மேடம், யார் இந்த ஹைமர்? பெயரே கேள்விப்பட்டதில்லை.

1934ல் மான்ட்ரியலில் பிறந்த கனடாக்காரர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர் கிண்டில்பெர்கரிடம் ஆய்வு செய்து 1960ல் முனைவர் பட்டம் வாங்கினார். 1974ல் கார் விபத்தில் இறந்தபோது வயது 39. ஆய்வேடு புத்தகமாக வந்தது 1976ல்தான்.

வட்டி குறைந்த நாட்டிலிருந்து கூடுதலாகக் கிடைக்கும் நாட்டுக்குப் பணம் போகும், வெளிநாட்டு முதலீடு என்பது அவ்வளவுதான் என்று அன்றைய பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. ஹைமர் குறுக்கே கேட்டார்: அப்படியானால் அமெரிக்க நிறுவனம் வெளிநாட்டில் ஆலை போடும்போது அந்த ஊரிலேயே கடன் வாங்குவானேன்? ஒரே தொழிலில் இவன் அங்கேயும் அவன் இங்கேயுமாக மாற்றி மாற்றி ஆலை வைப்பானேன்? அவர்கள் தேடிப் போவது வட்டியை அல்ல, கட்டுப்பாட்டை என்பது அவர் கண்ட விடை. போட்டியை ஒழிக்கலாம்; கைவசமுள்ள தொழில்நுட்பத்தையும் பிராண்டையும் அடுத்தவனிடம் விடாமல் தானே பயன்படுத்தலாம்.

நிர்வாகத்தைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் போகிறான் என்றால், அந்நாட்டின் வரியிலும் உரிமத்திலும் நிலச் சட்டத்திலும் தலையிடாமல் இருப்பானா? நான் ஹைமரைப் படிப்பது இப்படித்தான்.

சென்னை: எஃப்.ஐ.ஐ. (நம் பங்குச்சந்தையில் போடும் வெளிநாட்டு நிதி நிறுவனங்கள்) பணம் வெளியேறினால் சந்தை விழுகிறதே, அதையும் சொன்னாரா?

இல்லை. அது பங்கு வாங்கி விற்கும் முதலீடு. ஹைமர் பேசுவது ஆலையையே ஆளும் நேரடி முதலீடு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

யாழ்ப்பாணம்: இவர் மார்க்சியர்தானே?

1960ல் இல்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் ஆனார். ஆய்வேட்டில் புரட்சி எதுவும் கிடையாது. ஏகபோகம், போட்டி என்று சாதாரணத் தொழில்துறைப் பொருளாதாரம்தான் பேசும்.

கோவை: எஃப்.ஐ.ஐ.க்கும் இவருடைய கோட்பாட்டுக்கும் என்ன தொடர்பு?

இரண்டு கேள்விக்கு முன்னால் பாருங்கள்.

சேலம்: நிறுவனம் அரசியலில் தலையிட்டது என்றாலே எல்லோரும் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் 1954ல் அமெரிக்கா ஆட்சியைக் கவிழ்த்ததைச் சொல்வார்கள். அது கம்யூனிச பயம் மேடம். வாழைப்பழக் கம்பெனிக்காக யாராவது ஆட்சியைக் கவிழ்ப்பார்களா?

கணக்கைப் பாருங்கள். குவாத்தமாலா அதிபர் ஆர்பென்ஸின் அரசு 1952ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. தரிசாகக் கிடந்த நிலத்தை எடுத்துக்கொண்டு, வரி கட்டுவதற்காக உரிமையாளரே காட்டியிருந்த மதிப்பை இழப்பீடாகப் பத்திரத்தில் தருவோம் என்றது. நீங்கள் சொன்ன வாழைப்பழக் கம்பெனியான அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட்டின் கணக்கில் வந்தது 6,27,572 டாலர். பதிலுக்குக் கேட்கப்பட்டது 1,58,54,849 டாலர். அதைக் கேட்டது கம்பெனி வக்கீல் அல்ல, அமெரிக்க வெளியுறவுத் துறை. 1954 ஏப்ரலில் கேட்டார்கள், ஜூனில் ஆட்சி போய்விட்டது. வெளியுறவு அமைச்சர் டல்லஸ் முன்பு இருந்த சட்ட நிறுவனத்துக்கு யுனைடெட் ஃப்ரூட் வாடிக்கையாளர்.

சேலம்: ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். அதே 1954 ஜூலையில் அதே கம்பெனி மீது அமெரிக்க அரசின் நீதித் துறை ஏகபோக வழக்கு போட்டதே? அரசு கம்பெனியின் பையிலிருந்தால் அது எப்படி நடக்கும்?

சரியான அடி. ‘கம்பெனி அரசை விலைக்கு வாங்கிவிட்டது’ என்று சொல்பவர்களுக்கு இதற்குப் பதில் கிடையாது. நான் அதைச் சொல்லவில்லை. அமெரிக்க அரசு ஒரே ஆள் இல்லை. ஒரு துறை வழக்குப் போடும், இன்னொரு துறை இழப்பீடு கேட்கும். கம்யூனிச பயமும் பொய்யில்லை. ஆனால் குவாத்தமாலா விவசாயிக்கு வாஷிங்டனில் எந்தத் துறையிலும் கதவு திறக்காது; கம்பெனிக்கு ஒன்றாவது திறக்கும்.

மதுரை: சேலத்துக்காரர் சொல்வதுதான் சரி. கம்பெனி பாவம், அரசு இழுத்த இழுப்புக்குப் போகிறது.

‘பாவம்’ வரைக்கும் வர மாட்டேன். ஆனால் கயிறு இரண்டு பக்கமும் இழுக்கும் என்பது உண்மை. ஐம்பதுகளின் பிற்பாதியில் ஃபோர்டின் கனடா கிளைக்குச் சீனாவிலிருந்து லாரி வியாபாரம் வரப் பார்த்தது. கனடாவில் சீனாவோடு அந்த வியாபாரம் செய்யத் தடையில்லை. தாய்க் கம்பெனி அமெரிக்காவில் இருந்ததால் அமெரிக்கச் சட்டம் கிளை வரை பாய்ந்தது, விற்க முடியவில்லை. கனடா மண், கனடா தொழிலாளி, சட்டம் மட்டும் பக்கத்து நாட்டுடையது. 1968ல் பொருளாதாரப் பேராசிரியர் மெல் வாட்கின்ஸ் தலைமையிலான அரசுக் குழு கனடா தொழில்துறையில் அந்நிய உடைமை பற்றி அறிக்கை கொடுத்தது. இந்தச் சட்டப் பாய்ச்சல் அதன் பெரிய கவலைகளில் ஒன்று. ஹைமர் அந்தக் குழுவில் இருந்தார்.

சேலம்: அப்போது அரசுதான் குற்றவாளி என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

இல்லை சார். முடிவெடுக்கும் இடம் வேறு நாட்டில் இருக்கிறது என்பதைத்தான் ஒப்புக்கொள்கிறேன். அங்கே உட்கார்ந்திருப்பது முதலாளியா அமைச்சரா என்பது சம்பவத்துக்குச் சம்பவம் மாறும்.

ஈரோடு: வேலை தருகிறார்களே மேடம், அது நல்லதில்லையா?

நல்லதுதான். எந்த வேலை எந்த ஊருக்கு என்பது ஹைமரின் பிற்காலக் கவலை. தலைமை முடிவுகள் நியூயார்க், லண்டன், டோக்கியோ மாதிரி சில நகரங்களில் குவியும், அன்றாட உற்பத்தி உலகமெங்கும் பரவும் என்று எழுதினார். சம்பளமும் அந்தஸ்தும் அதே படிக்கட்டில் இறங்கும். உங்கள் ஊருக்கு வருவது எந்தப் படி என்று பாருங்கள்.

தஞ்சாவூர்: எஃப்.ஐ.ஐ. பற்றி ஒரு சின்னச் சந்தேகம்...

மேலே சென்னைக்குச் சொன்னதுதான். சேலம் சார், ஏகபோக வழக்கு 1958ல் சமரசத்தில் முடிந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டுமானால் தனியாக இன்னொரு நாள் வருகிறேன்.