டீச்சரிடம் கேளுங்கள்: மணி அடித்தவருக்கு எந்தப் பக்கம்?

பாடசாலை விழாக்களைப் பற்றிக் கேள்வி இருந்தால் எழுதுங்கள் என்று போன மாதம் கடைசி வரியில் சும்மா போட்டுவைத்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் கிழக்கில் பாதிப் பாடசாலைகளுக்கு இந்த வருடம்தான் பிறந்தநாள் போல இருக்கிறது. புதிய வாசகர்களுக்கு ஒரு சொல்: நான் கல்லடிக்காரி, சைவக்காரி. மட்டக்களப்பில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலையில் 33 வருடம் கணிதம் படிப்பித்தேன். நெற்றியில் திருநீற்றோடு ஃபாதர்மாருக்கும் சிஸ்டர்மாருக்கும் நடுவில் காலம் தள்ளியவள். அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் பாடசாலைக்கு அடுத்த வருடம் 75 வயது. வைர விழா என்று ஒரு பகுதி, பவள விழா என்று ஒரு பகுதி. பதாகை அச்சுக்குப் போகவேண்டும், அவசரம். (விழாக்குழுப் பொருளாளர், அக்கரைப்பற்று)

பவள விழா. நம் வழக்கில் 25 வெள்ளி, 50 பொன், 60 வைரம், 75 பவளம், 100 நூற்றாண்டு. ஆங்கிலத்தில் 60க்கும் வைரம், 75க்கும் வைரம் என்று சொல்வார்கள், குழப்பம் அங்கிருந்து வந்தது. அப்புறம் 150 வந்தால் என்ன பெயர் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ‘நூற்றைம்பதாவது ஆண்டு’ என்று நேரே எழுதுங்கள்.

கேள்வி: விழா மலர்க் குழுவின் செயலாளர் நான். இதுவரை 26 வாழ்த்துச் செய்திகள் வந்துவிட்டன, இன்னும் வரும். பக்கம் போதவில்லை. மாணவர் ஆக்கங்களைக் குறைக்கச் சொல்கிறார்கள். எதைக் குறைப்பது, டீச்சர்? (கல்முனை)

வாழ்த்துச் செய்திகளைக் குறையுங்கள். 26 பேரும் ‘மட்டற்ற மகிழ்ச்சியடைகிறேன்’ என்றுதானே எழுதியிருப்பார்கள்? எல்லாருடைய படத்தையும் பெயரையும் இரண்டு பக்கத்துக்குள் அடக்கி, மேலே அந்த ஒரு வரியை மட்டும் போடலாம். கோபிப்பார்கள்தான். ஆனால் வாழ்த்துச் செய்தியைத் தன் படம் சரியாக விழுந்ததா என்று பார்ப்பதற்கு அப்பால் வாசித்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

இவ்வளவு காரமாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் படிப்பித்த பாடசாலையிலும் ஒரு பெரிய விழா வந்தது. மலர்க்குழுவில் நானும் இருந்தேன். 212 பக்கம், வழுவழுத் தாள், அட்டையில் பொன் எழுத்து. மறைமாவட்ட ஆயரில் தொடங்கி அதிபர்கள், சங்கத் தலைவர்கள், காசு தந்தவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. காசு தந்தவர்களில் இரண்டு பேருக்குப் படம் இரண்டு தடவை வந்தது.

எங்கள் பாடசாலையில் மணி என்பது வேப்பமரக் கிளையில் கம்பியால் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. அதை ஒரு இரும்பு ஆணியால் அடித்தவர் 34 வருடம் அங்கே வேலை செய்தார். மூன்று தட்டுத் தட்டி, ஒரு மூச்சு விட்டு, பிறகு நீளமாக ஒன்று அடிப்பார். வாவிக்கு அந்தப் பக்கம் நின்றாலும் அது அவர் அடி என்று தெரியும். அவர் காய்ச்சலில் கிடந்த நாளில் வேறு ஆள் அடித்தால், பிள்ளைகள் முதலாம் பாடத்துக்கே குழம்பிப்போய் நிற்பார்கள். 1990இல் பாடசாலை அகதி முகாமாக மாறியபோது வரவுப் பதிவேடுகளை அடுப்பு எரிக்க எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, அரிசிச் சாக்கில் கட்டித் தன் வீட்டுப் பரணில் வைத்திருந்தவரும் அவர்தான். எத்தனையோ பேர் அந்தப் பதிவேட்டைக் காட்டித்தான் பிறகு விடுகைப் பத்திரம் எடுத்தார்கள்.

மலர் வெளியீட்டன்று மண்டபத்தின் கடைசி வரிசையில் வந்து இருந்தார், தேய்த்த வெள்ளைச் சேட்டோடு. நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் தேத்தண்ணி மேசைக்குப் போன நேரம், கையில் ஒரு மலரோடு என்னிடம் வந்தார். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தார். விளம்பரம், விளம்பரம், வாழ்த்து.

“டீச்சர், இதுக்குள்ள என்ட பேர் கிடக்கா?”

இல்லை என்று எனக்குத் தெரியும். ஒப்பு நோக்கியதே நான். ஆனாலும் “பாப்பம்” என்று வாங்கி, ஒவ்வொரு பக்கமாகத் தேடுவதுபோலத் தேடினேன். என்ன நடிப்பு அது! கடைசியில் பேனையை எடுத்து, அதிபர்கள் பட்டியலுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் அவருடைய முழுப் பெயரையும் வேலை பார்த்த வருடங்களையும் எழுதிக் கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: “பரவாயில்ல டீச்சர், எழுத்து வடிவா இருக்கு.”

ஆகவே செயலாளர் தம்பி, உங்கள் மலரில் மணி அடித்தவருக்கும், கன்டீனில் ரோல்ஸ் சுட்ட அம்மாவுக்கும், கேட்டில் நின்றவருக்கும் எந்தப் பக்கம் என்று முதலில் தீர்மானியுங்கள். ஆயரின் ஆசிச்செய்திக்கு அடுத்த பக்கம் என் தெரிவு. ஆயர் கோபிக்க மாட்டார். கோபிக்கிறவர்கள் வேறு ஆட்கள்.

கேள்வி: நாங்கள் சைவக் குடும்பம். மகளுக்கு ஆறாம் வகுப்புக்குக் கத்தோலிக்கப் பாடசாலையில் இடம் கிடைத்திருக்கிறது. மாமியார் ‘வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) இழுத்துப்போடுவார்கள்’ என்கிறார். பாடசாலை விழாவுக்குப் பூசையும் உண்டாம். மகள் போகலாமா? (தாய், களுவாஞ்சிக்குடி)

மாமியாரிடம் காரைதீவு மயில்வாகனத்தின் கதையைச் சொல்லுங்கள். 1892இல் பிறந்த அந்தப் பிள்ளை மெதடிஸ்ட் பாடசாலையில் படித்தது, பிறகு புனித மிக்கேல் கல்லூரியில் படித்தது, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தது. கடைசியில் என்ன ஆனது? இராமகிருஷ்ண மடத்துத் துறவி ஆனது. சுவாமி விபுலானந்தரைத்தான் சொல்கிறேன். பாதிரிமாரின் வாங்கில் இருந்து படித்ததால் அவருடைய திருநீறு அழியவில்லை.

அந்தக் காலத்துப் பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. அப்போது பாடசாலை மிஷனின் கையில். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களோடு உதவி பெற்று நடந்த பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டன. இன்று சமய பாடத்துக்கு மணி அடித்தால் சைவப் பிள்ளை சைவம் படிக்கும், கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கம் படிக்கும். சாதாரண தரத்திலும் அவரவர் சமயம்தான் பாடம். எங்கள் பாடசாலையில் நவராத்திரிக்குக் கொலு வைப்பது நான். அவல் கடலை பங்கிடும்போது வரிசையில் முதல் ஆளாக நிற்பது சிஸ்டர்.

பூசைக்கு வரட்டும். நடுவில் எல்லாரும் எழும்பும்போது எழும்பி, இருக்கும்போது இருந்தால் போதும். முழந்தாள் இடவேண்டும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: நற்கருணைக்கு, அதாவது ஃபாதர் கொடுக்கும் அப்பத்துக்கு, வரிசை போகும்போது மகள் இடத்தில் இருக்கவேண்டும். அது ஞானஸ்நானம் பெற்று, முதல் நன்மையும் எடுத்தவர்களுக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் என் வகுப்புப் பையன்கள் நாலு பேர், ‘வெள்ளை பிஸ்கட்’ எப்படி இருக்கும் என்று பார்க்க வரிசையில் புகுந்துவிட்டார்கள். நாலு பேரும் சைவம். முதலாமவன் இரண்டு கையையும் கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோலக் குவித்து நீட்டினான். ஃபாதர் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தார், நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்து அனுப்பினார். திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து முணுமுணுத்தான்: “ஒண்டும் தரல்ல டீச்சர்.”

கேள்வி: மட்டக்களப்புக் கத்தோலிக்கப் பாடசாலைகளை ஆரம்பித்தவர்கள் அமெரிக்க ஃபாதர்மார் என்று நடைபவனிப் பதாகை ஒன்றில் கண்டேன். சரியா? (தாண்டவன்வெளி)

பிழை. ஆனால் பிழைக்குக் காரணம் விளங்குகிறது. இப்போது விழாவுக்குக் காசு சேர்க்கிற தலைமுறை கண்ட ஃபாதர்மார் அமெரிக்கர்கள்.

புனித மிக்கேல் கல்லூரியையே எடுங்கள். தொடக்கம் 1873. அந்த அமெரிக்க ஃபாதர்மார் இயேசு சபை என்ற துறவற சபையைச் சேர்ந்தவர்கள். அப்போது இங்கே இயேசு சபையே இல்லை. மட்டக்களப்பு யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க நிர்வாகத்தின் கீழ் இருந்தது. திருகோணமலை மறைமாவட்டம் உண்டானது 1893இல். 1895இல் பிரெஞ்சு இயேசு சபையினர் வந்தார்கள். அவர்களில் ஒருவரான பொனெல் அடிகளார்தான் கல்லூரியின் பெரிய கட்டடத்தை எழுப்பியவர். அமெரிக்கர்கள் இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு நியூ ஓர்லியன்ஸ் பக்கமிருந்து வந்தார்கள். மட்டக்களப்புக்கு என்று தனி மறைமாவட்டம் 2012இல்தான்.

அமெரிக்க ஃபாதர்மார் கொண்டுவந்த சாமான்களில் மிக நீண்டகாலம் நின்றது கூடைப்பந்து. நாட்டின் மற்றப் பக்கங்களில் பாடசாலை என்றால் கிறிக்கெற். இங்கே வெயில் சாய்ந்தால் சீமெந்துத் தரையில் பந்து தட்டுகிற சத்தம் கேட்கும். வெபர் அடிகளாரின் பெயர் நகர விளையாட்டரங்குக்கே இருக்கிறது. மில்லர் அடிகளார் 1948இல் வந்து, 2019 வருடப்பிறப்பன்று இந்த ஊரிலேயே கண்மூடினார். கூடைப்பந்து பழக்கிய ஹேபியர் அடிகளாரை மட்டும் அடக்கம் செய்யக் கிடைக்கவில்லை. 1990 ஓகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனையிலிருந்து ஒரு இளைஞரோடு மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் இன்றுவரை வந்து சேரவில்லை, கூடப் போன பிள்ளையும்தான். பதாகையில் ஒரு வரி கூட்ட இடமிருந்தால் அதை எழுதுங்கள்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு. விழாவுக்காக ஆளுக்கு ஒரு அதிர்ஷ்டச் சீட்டுப் புத்தகம் தந்திருக்கிறார்கள். விற்காவிட்டால் காசை வீட்டில் வாங்கிக் கட்டவேண்டுமாம். அப்பா வாவியில் மீன்பிடிக்கிறார், இப்போது மீன் படவில்லை. வகுப்பில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. (மாணவன்)

மகன், புத்தகத்தை அப்படியே வகுப்பாசிரியரிடம் திருப்பிக் கொடு. வகுப்புக்கு முன்னால் வேண்டாம், இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போ. ‘சேர், என்னால் விற்க ஏலாது, மைதானத்தில் கொடி கட்ட, கதிரை அடுக்க வாறன்’ என்று சொல். இது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. விழாவுக்கு முதல்நாள் கதிரை அடுக்க ஆள் தேடி நாங்கள் படுகிற பாடு உனக்குத் தெரியாது.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது எனக்கும் ஒரு புத்தகம் வந்தது, பத்துச் சீட்டு. அம்மம்மாவுக்கு ஒன்று, கச்சான் விற்கிற ஆச்சிக்கு ஒன்று, சிகை அலங்கரிப்புக் கடை மாமாவுக்கு இரண்டு. மிச்சம் ஆறு. அம்மா முட்டை இடுகிற பேட்டுக்கோழியை விற்று அந்த ஆறையும் வாங்கினார். முதல் பரிசு ஒரு றேடியோ. அது எங்கள் ஊர்ப்பக்கமே வரவில்லை. அதை மறக்காத நானே, டீச்சரான பிறகு எத்தனையோ வருடம் வகுப்பில் அதே புத்தகங்களைப் பங்கிட்டேன். ‘விற்காதவர்கள் எழும்புங்கள்’ என்றும் சொல்லியிருக்கிறேன். எழும்பி நின்ற பிள்ளைகளில் யார் வீட்டில் எந்தக் கோழி போனதோ!

இதை வாசிக்கிற அதிபர்மாருக்கு: சீட்டை வெளிநாட்டுப் பழைய மாணவருக்கு அனுப்புங்கள். பிள்ளையின் புத்தகப்பைக்குள் போடாதீர்கள்.

கேள்வி: 1989 உயர்தரப் பிரிவு நான். 31 வருடத்துக்குப் பிறகு விழாவுக்கு வருகிறேன். பாடசாலைக்கு என்ன கொண்டுவரலாம்? சொக்லேட்டா, ஒலிபெருக்கியா? (ரொறொன்ரோ)

சொக்லேட் கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் உருகிவிடும். ஒலிபெருக்கி ஏற்கெனவே மூன்று பேர் தந்து, மூன்றும் களஞ்சிய அறையில் இருக்கிறது.

உங்களிடம் படம் இருக்கிறதா? வகுப்புக் குழுப்படம், விளையாட்டுப் போட்டிப் படம், பூசை முடிந்து வாசலில் நின்று எடுத்தது, எதுவானாலும். 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளோடு அலுமாரிகளையும் கொண்டுபோனது. பிறகு இடம்பெயர்வு, பிறகு 2004 சுனாமி. எங்கள் கரையில் எத்தனையோ வீடுகளில் ஒரு படம் மிஞ்சவில்லை. மகனின் பாடசாலைப் படம் ஒன்று எங்காவது கிடைக்குமா என்று கேட்டு ஒரு தாய் வருடா வருடம் என்னிடம் வருவார். உங்கள் பெட்டிக்குள் இருக்கும் படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவன் அந்தப் பிள்ளையாக இருக்கலாம்.

ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள். பின்பக்கம் வரிசைப்படி பெயர்களை எழுதுங்கள், பட்டப்பெயர் மட்டும்தான் ஞாபகம் என்றால் அதையாவது. பென்சிலால் எழுதுங்கள். பேனை மை நாள்பட முன்பக்கம் ஊறி, முகத்தில் வந்து நிற்கும்.