மேல்பூச்சு இருக்கட்டும், முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள்

பழைய மரச்சட்ட வீடு வாங்கியிருப்பதாகவும், வெளிச்சுவர் ஸ்டக்கோ, அதாவது சிமென்ட் சாந்துப் பூச்சு, வெளுத்து மயிரிழை விரிசல் விட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள், தம்பி. மேலே ஒரு கை பூசினால் போதுமா, என்ன நிறம் எடுக்கலாம் என்று கேட்கிறீர்கள். நிறத்தை வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

இங்கே வரும் நம்மாட்கள் இதைச் செங்கல் சுவர் என்றே நினைத்துக் கை வைக்கிறார்கள். இது மரப்பெட்டி. பலகைமேல் தார்க்காகிதம், அதன்மேல் கம்பிவலை, அதன்மேல் மூன்று கை சாந்து. சாந்து மொத்தமே சுமார் 22 மி.மீ.தான். விரிசலில் இறங்கும் தண்ணீர் காகிதத்தில் வழிந்து, சுவரடியில் உள்ள துளைத் தகரப்பட்டை வழியே வெளியேற வேண்டும். அந்தப் பட்டையைச் சாந்தால் மெழுகி மூடிவிட்டுப் பெருமையாகப் படம் அனுப்புகிறவர்கள் உண்டு. உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கும். பட்டை மண்ணுக்கு மேல் 10 செ.மீ., சிமென்ட் தளத்துக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும். பூச்செடிக்காக மண் ஏற்றிப் புதைத்திருந்தால் முதல் வேலை மண்வெட்டிக்குத்தான்.

பிறகு கொத்துக்கரண்டிப் பிடியால் சுவர் முழுக்கத் தட்டுங்கள். பொக்கென்று கேட்கிற இடத்தில் சாந்து பிடி விட்டுவிட்டது. அதன்மேல் பூசினால் புதியதும் பழையதும் சேர்ந்தே விழும். அந்த இடத்தை வெட்டியெடுத்து, புதுக் காகிதத்தின் மேல்விளிம்பைப் பழைய காகிதத்துக்கு அடியில் செருகி, வலை அடித்துச் சாந்து நிரப்புங்கள். ஜன்னல் மூலை விரிசலுக்குக் கீழே பழுப்புக் கறை தெரிந்தால் அது பூச்சுக்காரர் வேலையே அல்ல. ஜன்னலைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் தகட்டைப் பார்க்கவேண்டும்.

அடுத்து தண்ணீர் தெளியுங்கள். உறிஞ்சிக் கருத்தால் நல்லது. முத்துமுத்தாக உருண்டால் மேலே பெயின்ட் இருக்கிறது. புதுச் சிமென்ட் பழைய பூச்சின் நுண்துளைக்குள் இறங்கித்தான் பிடிக்கும். பெயின்ட் அந்தத் துளையை அடைத்துவிடும். பிணைப்புத் திரவம் தடவிப் பூசலாம் என்பார்கள். அடியிலுள்ள பெயின்ட் எவ்வளவு பிடித்திருக்கிறதோ, அவ்வளவுதான் அந்தப் பிடியும். மணல் பீச்சி உரிப்பதே உறுதி. ஆனால் பழைய வீட்டில் ஈயமோ கல்நாரோ (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், சோதித்துவிட்டு உரியுங்கள்.

பூச்சு நாளில் சுவர் ஈரமாக இருக்கவேண்டும், தண்ணீர் மினுங்கக்கூடாது. சிமென்ட் அடிப்பூச்சை 3 மி.மீ. இழுத்து, ஈரம் காயுமுன் சிமென்டின் காரம் தாங்கும் கண்ணாடியிழை வலையை அழுத்திவிடுங்கள். ஓரங்கள் 6–7 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். மயிரிழை விரிசல் மேலே வராமல் தடுப்பது இந்த வலைதான். அடிப்பூச்சு இறுகியபின் மேல்பூச்சு, 2–3 மி.மீ. மூலைக்கு மூலை ஒரே மூச்சில் முடியுங்கள். நடுச்சுவரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் அந்த ஒட்டு காலத்துக்கும் தெரியும். வெயில் அடிக்கும் பக்கத்தை நிழல் திரும்பியபின் தொடங்குங்கள். இரவுக் குளிர் 5 பாகை செல்சியசுக்குக் கீழே போகும் பருவத்தில் தொடவே வேண்டாம். இரண்டு நாள் லேசாக நீர் தெளித்து ஆற்றுங்கள்.

"ரப்பர் பெயின்ட் அடித்தால் விரிசல் மறைந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். மறையும்தான். ஆனால் வேறு வழியில் உள்ளே புகுந்த தண்ணீரைச் சுவர் வழியே ஆவியாக விடாது. அந்தத் தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதற்குப் பிறகு சிமென்ட் பூச நினைத்தால், திரும்பவும் உரிப்பில்தான் தொடங்கவேண்டும்.