சரயேவோவில் இளவரசரைச் சுட்டதற்காக ஐரோப்பா முழுவதும் ஏன் போருக்குப் போனது?

இதைக் கேட்பவர் அநேகமாகத் தேர்வுக்குப் படிப்பவர். "உடனடிக் காரணம்: ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் பெர்டினாண்ட் கொலை" என்ற ஒற்றை வரி மனதில் ஒட்டாமல் கேட்டிருப்பீர்கள். நான் வரலாற்று ஆசிரியன் இல்லை. ரயில்வேயில் முப்பத்தோரு வருடம், அதில் பாதிக்கு மேல் செக்‌ஷன் கன்ட்ரோலர், அதாவது எந்த வண்டி எப்போது எங்கே போக வேண்டும் என்று போனில் சொல்பவன். தெரிந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

சுட்டது 1914 ஜூன் 28. கொலைக்குச் செர்பியாவைக் குற்றம் சாட்டி ஆஸ்திரியா அதன் மீது போர் அறிவித்தது ஜூலை 28. நடுவே முழுதாக ஒரு மாதம். ஜெர்மனி என்ன வந்தாலும் துணை நிற்பதாக ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்தது, செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு போனது, செர்பியாவின் பக்கம் நின்ற ரஷ்யா ஜூலை 30-ல் முழுப் படையையும் திரட்ட உத்தரவிட்டது. ஜெர்மனியிடம் இருந்த திட்டமோ ஒன்றே ஒன்று: முதலில் பெல்ஜியம் வழியாகப் போய், ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸை ஆறு வாரத்தில் முடிப்பது, அப்புறம் ரஷ்யா பக்கம் திரும்புவது. எல்லாம் ரயிலை நம்பித்தான்.

ஆகஸ்ட் 1 மாலை, பிரான்ஸைத் தொடாவிட்டால் பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் என்பதுபோல லண்டனிலிருந்து ஒரு தந்தி வந்தது. அப்படியானால் மொத்தப் படையையும் கிழக்கே திருப்புங்கள் என்றார் ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்லியம். தலைமைத் தளபதி மோல்ட்கே முடியாது என்றார். லட்சக்கணக்கான ஆட்களின் நகர்வை நின்ற நிலையில் மாற்ற முடியாதாம். உங்கள் பெரியப்பாவாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பார் என்றார் கெய்சர். (பெரியப்பாவும் மோல்ட்கேதான், பிரான்ஸோடு நடந்த 1870 போரை ஜெயித்தவர்.) போருக்குப் பிறகு, படையின் ரயில் பிரிவில் இருந்த ஒரு தளபதி, திருப்பியிருக்க முடியும் என்று கணக்குப் போட்டு ஒரு புத்தகமே எழுதினார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசி மழை. தென் மாவட்டத்தில் ஒற்றைப் பாதை. முன்னால் தண்டவாளத்தின் கீழே மண் அரித்துப்போய், ஒரு பாசஞ்சர் சின்ன ஸ்டேஷனில் நின்றுவிட்டது. பின்னால் இருந்த ஜங்ஷனுக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் பஸ்ஸில் அனுப்பிவிடலாம். எந்த வண்டி எங்கே ஓடுகிறது என்று கோடு போட்டுக் காட்டும் சார்ட் என் முன்னால்தான் இருந்தது. வண்டியை ஒதுக்கி நிறுத்தும் பக்கப் பாதை, அதாவது லூப், இரண்டு காலி. எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டி, எதிரே வந்த ஒரு கூட்ஸை ஓரங்கட்டினால் இரண்டரை மணி நேரத்தில் வண்டி ஜங்ஷனில் நிற்கும். பென்சிலால் கோடுகூடப் போட்டு வைத்திருந்தேன். பக்கத்து அறையில் என் மேலதிகாரி போனில், "முடியாது சார், செக்‌ஷன் ஃபுல்" என்று சொல்லிவிட்டார். அவர் வந்து சார்ட்டைப் பார்க்கவில்லை. நான் எழுந்து போய்ச் சொன்னபோது, மேலே சொல்லியாச்சு, இனி மாற்றிப் பேச முடியாது என்றார். எட்டு மணி நேரம் அந்த ஜனங்கள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல், கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். விசாரணையில் தவறு கன்ட்ரோலர் பேரில் எழுதப்பட்டது.

  

ஒரு பாசஞ்சரும் உலகப் போரும் ஒன்றா என்று சண்டைக்கு வராதீர்கள். ஒன்று என்று நான் சொல்லவில்லை. கூட்டணிகள், கடற்படைப் போட்டி, பால்கன் பகை எல்லாம் உண்மைதான். ரயில்தான் போருக்குக் காரணம் என்றும் சொல்லவில்லை. திருப்பியிருந்தால் பெருங்குழப்பம் வந்திருக்கும் என்பவர்களும் விஷயம் தெரிந்தவர்களே. ஆனால் "முடியாது" என்ற சொல் தண்டவாளத்திலிருந்து வருவது குறைவு. ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட ஆளிடமிருந்துதான் அது வரும்.

அதே ஆகஸ்ட் 1 மாலை ஏழு மணி வாக்கில், ஒரு சிறிய ஜெர்மன் படை லக்சம்பர்க் எல்லை தாண்டி த்ருவாவியெர்ஜ் என்ற ஊரின் ரயில் நிலையத்தைப் பிடித்தது. அரை மணி நேரத்தில் இன்னொரு குழு காரில் வந்து, தவறு நடந்துவிட்டது, திரும்புங்கள் என்றது. அவர்களும் திரும்பிப் போனார்கள். இரவு லண்டன் செய்தி தப்பான புரிதல் என்று தெரிந்ததும், இனி உங்கள் இஷ்டம் என்று மோல்ட்கேயிடம் சொல்லிவிட்டார் கெய்சர். மறுநாள் லக்சம்பர்க் முழுவதும் ஜெர்மன் படை கையில்.