ஏன் என்று ஒரு வரி

அண்ணா,

எங்கள் தமிழ்வழிப் பள்ளியில் லினக்ஸ் கணினியில்தான் பழகினேன். இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு (யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தலாம்) முதல் பேட்ச், அதாவது கோடில் ஒரு திருத்தம், அனுப்பினேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனாலும், மாற்றம் ஏன் என்று எழுது, ஆவணத்தையும் திருத்து என்று மூன்று தடவை திருப்பிவிட்டார்கள். ஓடுகிற கோடுக்கு இத்தனை எழுத்துவேலை எதற்கு?

வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தம்பி,

சலிப்பு புரிகிறது. ஆனாலும் நான் அவர்கள் பக்கம்தான்.

2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையில் நடந்ததைக் கேள். தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் ஒரே மாதிரி வரி இரண்டு இடத்தில் இருந்தது. வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி இரண்டையும் குறை சொன்னது. ஒன்றின் பக்கத்தில், பியூரிஃபை என்ற இன்னொரு கருவி இதைக் குறை சொல்கிறது என்று மட்டும் கமென்ட் இருந்தது. அந்த வரி எதற்கு என்று எங்கும் இல்லை. டெபியன் பராமரிப்பாளர் ஓபன்எஸ்எஸ்எல்காரர்களிடம் கேட்டும் பார்த்தார். எடுக்காதே என்று யாரும் தடுக்கவில்லை. இரண்டையும் எடுத்தார். ஒன்று போனால் பரவாயில்லை. மற்றதுதான் ரகசியச் சாவிக்கான தற்செயல் எண்களை உள்ளே கலந்த வரி! அப்புறம் மிஞ்சியது புராசஸ் எண், அதாவது ஓடும் நிரலுக்குக் கணினி தரும் வரிசை எண், மட்டும். ஒரு வகைக் கணினியில், குறிப்பிட்ட ஒரு நீளமுள்ள சாவிக்கு 32,768-க்குள்தான் சாத்தியங்கள். 2008 மே மாதம் வெளியே தெரிந்தபோது டெபியனிலும், அதை வைத்து உருவான உபுண்டுவிலும் அந்தக் குறையுள்ள ஓபன்எஸ்எஸ்எல் உருவாக்கிய சாவிகளையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம், அதுவரை கோட் ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது, தம்பி.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. சித்தூர்ப் பக்கம் ஒரு பால் சொசைட்டிக்கு நான் எழுதிய கணக்கில், பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டர் அளவோடு எதையோ கூட்டும் வரி ஒன்று. இரண்டு வருடம் கழித்து, எதற்கென்று நினைவில்லாமல் நானே அழித்தேன். கறந்த சூட்டோடு வரும் பாலில் அளவு குறைவாகக் காட்டும்; அதைச் சரிக்கட்டத்தான் அந்த வரி. ஒரு வாரம் மாடு வளர்ப்பவர்களுக்குக் காசு குறைந்தது. கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம். அவர்கள் முகம் இன்னும் மறக்கவில்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பேட்ச் அனுப்புவோரிடமும் முதலில் பிரச்சினையை விவரி என்றுதான் கேட்கிறார்கள். வரி என்ன செய்கிறது என்று கோடே சொல்லிவிடும். எதனால் தேவைப்பட்டது, வேறு எந்த வழியைப் பார்த்துக் கைவிட்டாய், இரண்டையும் எழுது. ஆங்கிலம் தடுக்கிறது என்றால் முதலில் தமிழில் எழுதி எனக்கு அனுப்பு. இந்த ஞாயிறு உட்கார்ந்து சேர்ந்தே மாற்றிவிடலாம்.