மணி அடிக்கிறது, குரல் வரவில்லை: சொந்த சாட் சர்வருக்கு ரிலே அமைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 40 பேர். கிளவுடில் ஒரு சிறிய லினக்ஸ் சர்வர் எடுத்து அதில் பிராசடி என்ற சாட் சர்வர் நிரலை நிறுவியிருக்கிறோம்; போன்களில் கான்வர்சேஷன்ஸ் என்ற சாட் செயலி. மெசேஜ், படம் எல்லாம் உடனுக்குடன் போகிறது. அலுவலக வைஃபைக்குள் வாய்ஸ் காலும் வீடியோ காலும் சரியாக வேலை செய்கின்றன. ஒருவர் அலுவலகத்திலும் இன்னொருவர் மொபைல் டேட்டாவிலும் இருந்தால் மணி அடிக்கிறது. எடுத்ததும் இணைப்புக்காகச் சுற்றிக்கொண்டே இருந்து கட்டாகிவிடுகிறது. சர்வர் ஃபயர்வாலில் எல்லா போர்ட்டையும் திறந்து பார்த்தும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் ஃபயர்வாலில் கூடுதலாகத் திறந்த போர்ட்டுகளை மூடிவிடுங்கள். நீங்கள் திறந்த போர்ட்டுகளில் எந்த நிரலும் காத்திருக்கவில்லை. திறந்ததால் ஆபத்துதான் மிச்சம்.

மெசேஜ் போவதற்குக் காரணம், ஒவ்வொரு போனும் தானாகவே சர்வரை நோக்கி இணைப்பை எடுக்கிறது. உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பை எந்த அலுவலக ஃபயர்வாலும் பெரும்பாலும் தடுப்பதில்லை. கால் விஷயம் வேறு. யார் யாரை அழைக்கிறார், எந்த முகவரியில் கிடைப்பார் என்ற விவரத்தை மட்டுமே பிராசடி கடத்துகிறது. மணி அடிப்பது அதனால்தான். குரலும் வீடியோவும் பிராசடியைத் தொடாமல் போனிலிருந்து போனுக்கு நேராகப் போகப் பார்க்கின்றன.

இதற்காக ஒவ்வொரு போனும் மூன்று வகை முகவரிகளைத் திரட்டுகிறது. ஒன்று, அதன் சொந்த உள் முகவரி. ஒரே வைஃபையில் இருவரும் இருக்கும்போது இதுவே போதும். இரண்டாவது, ஸ்டன் சர்வரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வெளி முகவரி. மூன்றாவது, இடையில் நின்று குரலையும் வீடியோவையும் வாங்கிக் கடத்தும் ரிலே சர்வரில் வாங்கிவைக்கும் முகவரி. உங்களிடம் மூன்றாவது இல்லை. இரண்டாவது உங்கள் சூழலில் பலிக்காது. மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது ஐபியின் பின்னால் பல வாடிக்கையாளர்களை அடைத்துவைக்கின்றன (100.64 என்று தொடங்கும் முகவரியை எங்காவது பார்த்தால் அதுதான் இது). அலுவலக ஃபயர்வால் பலவும் ஒவ்வொரு சேருமிடத்துக்கும் ஒவ்வொரு வெளி போர்ட்டைத் தருகின்றன. ஸ்டன் சர்வருக்குத் தெரிந்த போர்ட் வேறு, எதிர்முனைப் போனுக்குத் திறக்க வேண்டிய போர்ட் வேறு. ‘இலவச ஸ்டன் சர்வர் ஒன்றைப் போட்டால் போதும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரிலே இல்லாமல் உங்கள் சிக்கல் தீராது.

ரிலே செய்யும் நெறிமுறையின் பெயர் டர்ன். பிராசடிக்குள் அது கிடையாது. கோடர்ன் என்ற தனி நிரலை நிறுவ வேண்டும். ஈஜாபர்டி என்ற இன்னொரு சாட் சர்வர் நிரலைப் பயன்படுத்துபவர்களுக்கு அதிலேயே டர்ன் உள்ளடங்கியிருக்கிறது, தனி நிரல் தேவையில்லை. 40 பேருக்குக் கோடர்னைப் பிராசடி ஓடும் அதே சர்வரில் வைத்தாலே தாராளம். டாக்கரில் (நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டுவதாக இருந்தால் ஹோஸ்ட் நெட்வொர்க் முறையில் ஓட்டுங்கள். ஆயிரக்கணக்கான போர்ட்டுகளை ஒவ்வொன்றாக மேப் செய்ய டாக்கர் திணறும்.

இனி கோடர்னின் அமைப்புக் கோப்பு. (இங்கே தமிழில் எழுதும் பெயர்களைக் கோப்பில் ஆங்கில எழுத்தில் இட வேண்டும்.) பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ‘எக்ஸ்டர்னல்-ஐபி’. கிளவுட் சர்வர்கள் பலவற்றில், பொது ஐபி அந்த இயந்திரத்தில் இருப்பதில்லை. உள்ளே பார்த்தால் 10 அல்லது 172 என்று தொடங்கும் தனி முகவரிதான் இருக்கும். பொது முகவரி வெளியே மாற்றித் தரப்படுகிறது. கோடர்ன் தன் கண்ணில் படும் தனி முகவரியையே ‘இதுதான் ரிலே’ என்று போனுக்குச் சொல்லிவிடும். எதிர்முனைப் போன் 10.0.0.5 என்ற முகவரியை இணையத்தில் எங்கே போய்த் தேடும்? ஆகவே எக்ஸ்டர்னல்-ஐபி வரியில் பொது முகவரி, ஒரு சாய்கோடு, பிறகு தனி முகவரி என்று இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்தது போர்ட்டுகள். போன்கள் கோடர்னைத் தேடி வருவது 3478இல், யுடிபி, டிசிபி இரண்டிலும் (பாக்கெட் அனுப்பும் இரு முறைகள்; தவறியதை டிசிபி மறுபடி அனுப்பும், யுடிபி அனுப்பாது). குறியாக்கிய டிஎல்எஸ் இணைப்பு வழியாக வருவது 5349இல். இவற்றைத் திறப்பவர்கள் ரிலே வரம்பை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ரிலே ஒதுக்கீட்டுக்கும் ஒரு யுடிபி போர்ட் வேண்டும். கோடர்னின் இயல்பான வரம்பு 49152 முதல் 65535 வரை. உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ‘மின்-போர்ட்’ 49152, ‘மேக்ஸ்-போர்ட்’ 50175 என்று வைத்தால் 1024 போர்ட் கிடைக்கும். ஒரே போன் யுடிபிக்கு ஒன்று, டிசிபிக்கு ஒன்று, டிஎல்எஸ்ஸுக்கு ஒன்று என்று பல ஒதுக்கீடுகளைக் கேட்கலாம் என்பதால் பத்து இருபது என்று இறுக்கிவிடாதீர்கள். இந்த வரம்பை சர்வருக்குள் இருக்கும் ஃபயர்வாலிலும், கிளவுட் நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனலில் இருக்கும் ஃபயர்வாலிலும் திறக்க வேண்டும். இரண்டாவதைத் தொடாமலே மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு.

பூட்டில்லாத ரிலேயை ஊரார் எல்லாம் பயன்படுத்துவார்கள். பில் உங்களுக்கு வரும். ‘யூஸ்-ஆத்-சீக்ரெட்’ வரியை இயக்கி, ‘ஸ்டேட்டிக்-ஆத்-சீக்ரெட்’டில் நீளமான ரகசியச் சொல் ஒன்றைக் கொடுங்கள், ‘ரெல்ம்’ வரியில் உங்கள் டொமைன் பெயர். அதே ரகசியத்தைப் பிராசடிக்கும் சொல்ல வேண்டும். பிராசடி, காலாவதி நேரத்தையே பயனர் பெயராக வைத்து, அதை இந்த ரகசியத்தோடு சேர்த்து ஹேஷ் செய்து (திருப்பி அவிழ்க்க முடியாத கணக்கில் போட்டு) ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லைப் போனுக்குத் தரும். கோடர்ன் அதே கணக்கைப் போட்டுச் சரிபார்க்கும். ரகசியம் போனுக்குப் போவதேயில்லை.

பிராசடியில் இதற்கான மாட்யூல் ‘டர்ன்_எக்ஸ்டர்னல்’. 0.12 பதிப்பிலிருந்துதான் இது கூடவே வருகிறது. பழையது வைத்திருந்தால் முதலில் பதிப்பை உயர்த்துங்கள். மாட்யூலை இயக்கி, ஹோஸ்ட், சீக்ரெட் இரண்டையும் கொடுத்தால் வேலை தொடங்கிவிடும். ஆனால் இயல்பாக யுடிபியை மட்டுமே அது போன்களுக்கு அறிவிக்கும். உங்கள் அலுவலக ஃபயர்வால் யுடிபியை முழுவதும் தடுத்தால் போனுக்கு வேறு வழியே தெரியாது. ‘டர்ன்_எக்ஸ்டர்னல்_டிசிபி’யை ட்ரூ என்று வையுங்கள், ‘டர்ன்_எக்ஸ்டர்னல்_டிஎல்எஸ்_போர்ட்’டுக்கு 5349 கொடுங்கள். டிஎல்எஸ்ஸுக்குச் சான்றிதழ் வேண்டும். கோடர்ன் ரூட்டாக ஓடாமல் தனிப் பயனர் கணக்கில் ஓடுவதால், இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் சாவிக் கோப்பை அதனால் திறக்க முடியாமல் போகலாம். படிக்கும் அனுமதியைச் சரிபாருங்கள். ரிலேயின் ஹோஸ்ட் பெயர் சிடிஎன் (வலைத்தளத்துக்கு முன்னால் நிற்கும் இடைநிலை சர்வர்கள்) மறைப்புக்குப் பின்னால் இருக்கக் கூடாது. அவை வழக்கமாக வலைப் போக்குவரத்தை மட்டுமே கடத்தும்.

பாதுகாப்பில் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். ரிலே என்பது, வெளியிலிருந்து வருபவர் சொல்லும் முகவரிக்கு உங்கள் சர்வரிலிருந்து பாக்கெட் அனுப்பும் கருவி. அந்த முகவரி உங்கள் உள் நெட்வொர்க்காக இருந்தால்? ‘டினைட்-பியர்-ஐபி’ வரிகளில் 10, 172.16, 192.168, 169.254, 100.64 ஆகிய தனி வரம்புகள் அனைத்தையும் மூடுங்கள். ‘நோ-டிசிபி-ரிலே’யும் சேருங்கள், கால்களுக்கு அது தேவைப்படாது. கோடர்ன் 4.5.2க்கு முந்தையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள், 0.0.0.0 என்ற முகவரியைக் கொடுத்து சர்வரின் சொந்தச் சேவைகளைத் தொடும் ஓட்டை பழைய பதிப்புகளில் இருந்தது.

இந்தப் பூட்டு ஒரு புது வம்பைக் கொண்டுவரும். இருவருமே கடுமையான ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்தால் இரண்டு போனும் உங்கள் ரிலேயையே பிடிக்கும். ரிலே தன்னோடு தானே பேச வேண்டிவரும். சர்வரின் தனி முகவரி 10இல் தொடங்கினால் நீங்கள் போட்ட தடையே அதை மறிக்கும். ‘அலவ்ட்-பியர்-ஐபி’ வரியில் அந்த ஒற்றை முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஒரு முனை திறந்த நெட்வொர்க்கில் இருக்கும்போது கால் இணைகிறது, இரண்டும் மூடிய இடத்தில் இருக்கும்போது கட்டாகிறது என்றால் இங்கேதான் பாருங்கள்.

சோதிக்க, சர்வரில் ‘பிராசடிசிடிஎல் செக் டர்ன்’ என்ற கட்டளை இருக்கிறது. அதோடு ‘பிங்’ விருப்பத்தில் வெளியே உள்ள ஒரு ஸ்டன் சர்வரின் பெயரைக் கொடுத்தால், ரிலே வழியாகப் பாக்கெட் போய்த் திரும்புகிறதா என்றும் பார்க்கும். அதில் எல்லாம் சரி என்று வந்தாலும் முழுதாக நம்பிவிடாதீர்கள். அதே இயந்திரத்திலிருந்து சோதிப்பதால் 3478க்கான கிளவுட் ஃபயர்வால் விதி சோதிக்கப்படுவதில்லை. ரிலே தானே அனுப்பிய பாக்கெட்டுக்கு வரும் பதிலை ஃபயர்வால் எப்படியும் விட்டுவிடும் என்பதால் ரிலே வரம்பு திறந்திருப்பதற்கும் அது சாட்சியாகாது. ஒரு போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் வைத்து, இன்னொன்றை அலுவலக வைஃபையில் வைத்து அழைப்பதே உண்மையான சோதனை.

அப்போது கோடர்ன் லாகை (பதிவுக் கோப்பை) திறந்துவையுங்கள். முதலில் 401 என்று ஒரு பிழை வரும். பயப்பட வேண்டாம், அது நெறிமுறையின் வழக்கமான முதல் படி. அடையாளம் இல்லாமல் போன் கேட்கிறது, சர்வர் அடையாளம் கேட்கிறது, போன் மறுபடி கேட்கிறது. 401 திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் இரண்டு பக்க ரகசியமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 403 வந்தால் டினைட்-பியர்-ஐபி தடுக்கிறது. 486 என்றால் ரிலே ஒதுக்கீடுகளுக்கு நீங்கள் வைத்த கோட்டா (உச்சவரம்பு) நிரம்பிவிட்டது. லாகில் ஒன்றுமே வரவில்லை என்றால் போன் கோடர்னை எட்டவேயில்லை.

443ஐத் தவிர எதையும் வெளியே விடாத அலுவலகமாக இருந்தால் டர்ன் டிஎல்எஸ்ஸை அந்தப் போர்ட்டில் ஓட்டலாம். உங்கள் சர்வரில் வலைத்தளமும் இருந்தால் இரண்டும் மோதும். இன்னொரு ஐபி வாங்கிக்கொள்வது சுலபம். டிஎல்எஸ்ஸைப் பிரித்துப் பார்க்கும் ஃபயர்வாலில் இதுவும் பலிக்காமல் போகலாம். அலுவலக ஃபயர்வால் உங்கள் கையிலேயே இருந்தால் உங்களுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை என்றே எனக்குப் படுகிறது: ரிலேயின் முகவரிக்கு 3478 யுடிபியை மட்டும் வெளியே விடுங்கள். 443 வழி டிசிபியில்தான் போகும்; டிசிபியில் ஒரு பாக்கெட் தவறினால் பின்னால் வருவதெல்லாம் காத்திருக்கும்; பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும்.

செலவைப் பொறுத்தவரை, ரிலே வழியாகப் போகும் வீடியோ காலில் ஒவ்வொரு பக்கமும் 1.5 எம்பிபிஎஸ் என்று வைத்தால், சர்வரிலிருந்து வெளியே போவது 3 எம்பிபிஎஸ். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.35 ஜிபி. குரல் மட்டும் என்றால் 50 எம்பி அளவில் முடிந்துவிடும். நேராக இணைய முடிந்த கால்கள் ரிலேயைத் தொடாது. கால்களின் உள்ளடக்கம் முனைக்கு முனை குறியாக்கத்தில் போவதால் ரிலேயால் அதைக் கேட்க முடியாது. யாருடைய ஐபி யாரோடு எவ்வளவு நேரம் பேசியது என்பது மட்டும் லாகில் விழும். ஆகவே சோதனை முடிந்ததும் விரிவான லாகை நிறுத்திவிடுங்கள்.