இரவு 11 மணிக்குத்தான் எனக்கான நேரம்!

கண் எரிகிறது, ஆனாலும் போனை வைக்க மனம் வருவதில்லை. இது சோம்பலா, நோயா?

இரண்டும் இல்லை. பகல் முழுக்க மற்றவர்களுக்காக ஓடியவருக்கு, யாரும் எதுவும் கேட்காத அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். தடுக்க எதுவும் இல்லாதபோதும் படுக்கப் போவதைத் தள்ளிப்போடும் இந்தப் பழக்கத்தைப் பற்றி, நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் இது தனியாகக் கவனிக்கப்பட்டது.

களைத்த மனதுக்கு 'போதும்' என்று சொல்லும் தெம்பு இருக்காது. அதனால் இரவில் எடுக்கும் சபதங்களை நான் நம்புவதில்லை. உங்கள் நேரத்தை முன்னால் நகர்த்துங்கள். வேலை முடிந்ததும், வீட்டு வேலையில் இறங்கும் முன், 20 நிமிடம் உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லிவிட்டே எடுங்கள். ஒளித்து எடுத்தால் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். பாத்திரங்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். பகலில் துளிகூட ஓய்வு கிடைக்காதவர்தான் இரவைப் பிடித்துத் தொங்குகிறார். அதைச் சரிசெய்யாமல் 'சீக்கிரம் தூங்கு' என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

ஆறு மணி நேரத் தூக்கம் எனக்குப் பழகிவிட்டது. போதாதா?

பெரும்பாலானோருக்குப் போதாது. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். பழகிவிட்டது என்று தோன்றுவதுதான் ஆபத்து. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2003-இல் வெளியான ஆய்வில், 14 நாட்கள் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. அவர்களுக்கோ அது பெரிதாகத் தெரியவே இல்லை.

விடுமுறையில் மதியம் வரை தூங்கி ஈடுகட்டலாமா?

ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். மதியம் வரை என்றால், அன்றிரவும் தூக்கம் தள்ளிப்போகும்.

குழந்தைகள் தூங்கிய பிறகுதான் கணவரும் நானும் பேசவே முடிகிறது. அதையும் விடணுமா?

வேண்டாம், விடாதீர்கள். பேச்சு முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஆளுக்கொரு போனோடு இன்னும் ஒரு மணி நேரம் போகிறதென்றால், குறைக்க வேண்டியது அதைத்தான். சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

நேரத்தோடு படுத்தாலும் தூக்கம் வரவில்லையே?

இது வேறு சிக்கல். வாரத்தில் மூன்று இரவுகளாவது இப்படி, அதுவும் மூன்று மாதமாக என்றால் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைக்கு முன், தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை (தூக்கத்தைக் கெடுக்கும் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் பயிற்சி) உண்டா என்று கேளுங்கள். முதலில் பரிந்துரைக்கப்படுவது அதுதான்.